வியாழனுக்குள் போன 339 கிலோ

வியாழனுக்குத் தரை கிடையாது. அங்கே இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. விழ மட்டும்தான் முடியும். விழும்போது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம், அதற்குள் எதையெல்லாம் அளந்து சொல்லலாம் என்பதே கேள்வி. மனிதர்கள் இதற்கு இதுவரை ஒரே ஒரு முறைதான் விடை தேடிப் பார்த்திருக்கிறார்கள். 1995 டிசம்பர் 7 அன்று, ஒன்றேகால் மீட்டர் அகலமும் 339 கிலோ எடையும் கொண்ட ஒரு கலம் வியாழனின் மேகங்களுக்குள் பாய்ந்தது. அதற்குத் தனிப் பெயர்கூட வைக்கவில்லை. சுமந்துபோன தாய்க்கலத்தின் பெயர் கலிலியோ என்பதால், இதைக் கலிலியோவின் இறங்குகலம் என்றே சொல்லிவந்தார்கள். தாய்க்கலம் அடுத்த எட்டாண்டுகள் வியாழனைச் சுற்றி, நிலவுகளைப் படம்பிடித்து அனுப்பிப் புகழ் பெற்றது. இறங்குகலம் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதில் கேமராவே இல்லை. பாடப்புத்தகங்களில் அது ஒரு வரியோடு நின்றுபோனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

வியாழனைத் தூரத்திலிருந்து பார்த்தே எவ்வளவோ தெரிந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து திரும்பி வரும் சூரிய ஒளியில் சில நிறங்கள் குறைவதை அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் ஸ்லைஃபர் பதிவு செய்திருந்தார். அந்த நிறங்களை விழுங்குபவை மீத்தேனும் அம்மோனியாவும் என்று 1932-இல் ரூபர்ட் வில்ட் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்னார். ஆனால் இவை இரண்டும் வியாழனில் சொற்பம். அதன் பெரும்பகுதி ஹைட்ரஜன், அடுத்தது ஹீலியம். இந்த ஹீலியத்தை அளப்பதுதான் தலைவலி. குளிர்ந்து கிடக்கும் ஹீலியம், பிரதிபலித்து வரும் ஒளியில் தன் தடயத்தை விடுவதில்லை. கொதிக்கும் சூரியனில் அது வேறு மாதிரி: 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ழான்சென், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன் ஆகியோர் சூரிய விளிம்பில் பார்த்த ஒளிக்கோடுகளில் ஒரு மஞ்சள் கோடும் இருந்தது. அது பூமியில் அதுவரை அறியாத ஒரு தனிமத்தின் கோடு என்று பிறகு லண்டனில் லாக்கியர் முடிவுக்கு வந்தார். அதுதான் ஹீலியம். சூரியனில் தன்னைக் காட்டிக்கொண்ட பொருள் வியாழனில் ஒளிந்துகொண்டது. 1979-இல் அருகே பறந்த வாயேஜர் கலங்களின் அளவுகளை வைத்து, வியாழனின் எடையில் ஹீலியம் சுமார் 18 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். நேரடி அளவு அல்ல, ஊகக் கணக்கு.

ஹீலியம் எத்தனை சதவீதம் என்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? சூரியனும் வியாழனும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயுமேகத்திலிருந்து பிறந்தவை. பூமி தன் பங்கு ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் பிடித்துவைக்க முடியாமல் விட்டுவிட்டது. வியாழனின் ஈர்ப்பு அப்படி விடாது. அதன் பிடியிலிருந்து தப்ப நொடிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. வேகம் வேண்டும், எந்த வாயுவாலும் அது எளிதில் ஆகாது. எனவே சூரியக் குடும்பம் எந்தச் சரக்கில் ஆனது என்ற ஆவணம் வியாழனுக்குள் அப்படியே கிடக்கிறது. சூரியனில் இருக்கும் அதே விகிதம் அங்கேயும் இருந்தால், வாயுமேகம் நேராகச் சுருங்கி வியாழன் ஆனது என்று சொல்லலாம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற கனமான தனிமங்கள் கூடுதலாக இருந்தால், முதலில் பனியும் பாறையும் சேர்ந்து ஒரு கரு உருவாகி, பிறகு அது வாயுவை இழுத்துக்கொண்டது என்று பொருள். இதில் ஆக்சிஜனைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வியாழனில் ஆக்சிஜன் என்றால் தண்ணீர். அந்தத் தண்ணீரோ மேல் மேகங்களுக்கு வெகு கீழே. உள்ளே போய்த்தான் ஆகவேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1977-இல் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியது. இறங்குகலத்தின் பொறுப்பு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்கு. கட்டியது கலிபோர்னியாவின் ஹியூஸ் விமான நிறுவனம். 1982-இல் விண்ணோடத்தில் ஏற்றிவிடுவதாக முதல் திட்டம். விண்ணோடம் தயாராகத் தாமதமானது. மேலே போனபின் கலத்தை உந்தித் தள்ள எந்த ராக்கெட் என்பதில் முடிவு மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 1986 மே மாதம் என்று நாள் குறித்தார்கள். அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்ணோடம் ஏழு பேரோடு வானில் சிதறியது. திரவ ஹைட்ரஜன் நிரம்பிய செண்டார் ராக்கெட்டை மனிதர்கள் பயணம் செய்யும் விண்ணோடத்தில் ஏற்றும் யோசனை அத்தோடு கைவிடப்பட்டது. ஏறுவதற்காக ஃபுளோரிடா வரை லாரியில் போயிருந்த கலிலியோ மறுபடி லாரியிலேயே கலிபோர்னியா திரும்பியது. சில ஆண்டு கழித்து மீண்டும் அதே சாலையில் ஃபுளோரிடா. இந்த லாரிப் பயணங்களின் விலை என்ன என்பது பின்னால்தான் தெரிந்தது.

1989 அக்டோபர் 18 அன்று அட்லாண்டிஸ் விண்ணோடம் கலிலியோவை மேலே கொண்டுபோய் விட்டது. செண்டாருக்குப் பதில் கிடைத்த ராக்கெட் பலம் குறைந்தது. அதை வைத்துக்கொண்டு நேராக வியாழனுக்குப் போக முடியாது. ஆகவே கோள்களின் ஈர்ப்பைக் கடன் வாங்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1990 பிப்ரவரியில் வெள்ளி, அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று பூமி, 1992 டிசம்பர் 8 அன்று மறுபடி பூமி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம். சூரியனிலிருந்து வெகுதூரத்துக்குப் போகவேண்டிய கலம் முதலில் சூரியனை நோக்கிப் போனது. ஆறாண்டு சுற்றுவழி. இந்த ஆறாண்டும் இறங்குகலம் தாய்க்கலத்தின் அடியில் உறங்கிக் கிடந்தது.

நடுவழியில் தாய்க்கலத்துக்குத்தான் சோதனை. 1991 ஏப்ரல் 11 அன்று, 4.8 மீட்டர் அகலமான முதன்மை ஆண்டெனாவை விரிக்கச் சொல்லிக் கட்டளை போனது. அதன் 18 கம்பிகளில் சில பிடித்துக்கொண்டு விரிய மறுத்தன. லாரிப் பயணங்களின் அதிர்வில் ஊசிகளின் மேலிருந்த உலர்மசகு தேய்ந்துபோயிருக்கவேண்டும் என்பது விசாரணையில் வந்த முடிவு. வெயிலில் காட்டினார்கள், நிழலில் குளிரவைத்தார்கள், மோட்டாரை ஆயிரக்கணக்கான முறை உதறிப் பார்த்தார்கள். ஆண்டெனா அசையவில்லை. நொடிக்கு 1,34,000 பிட் அனுப்பவேண்டிய கலம், இருக்கும் சின்ன ஆண்டெனாவில் நொடிக்குச் சில பத்து பிட்டுகளை வைத்துக் காலம் தள்ளவேண்டியதாயிற்று. மென்பொருளை மாற்றி எழுதித் தகவலைச் சுருக்கி அனுப்பும் வித்தைகளைப் பொறியாளர்கள் பிறகு செய்தார்கள். அது தனிக்கதை; அதில் நம் கலத்துக்குப் பங்கில்லை. ஏனென்றால் இறங்குகலம் பூமியோடு பேசுவதாகவே திட்டமில்லை. தாய்க்கலத்திடம் சொல்லும், தாய்க்கலம் நாடாவில் பதிவு செய்து பிறகு மெதுவாகப் பூமிக்கு அனுப்பும். ஆக எல்லாம் அந்த டேப் ரெக்கார்டரை நம்பியிருந்தது.

வியாழனை அடைய எட்டு வாரம் இருக்கும்போது, 1995 அக்டோபர் 11 அன்று, அந்த டேப் ரெக்கார்டரும் மக்கர் செய்தது. பின்னோக்கிச் சுற்றச் சொன்னால் நாடா ஒட்டிக்கொண்டது. நாடாவின் ஒரு பகுதியை இனித் தொடுவதில்லை என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என முடிவெடுத்தார்கள். அதற்கொரு விலை கொடுத்தார்கள்: வியாழனை நெருங்கும் நாளில் எரிமலை நிலவான அயோவை மிக அருகில் படமெடுக்கும் வாய்ப்பு கைவிடப்பட்டது. நாடாவை வீணாக உழைக்கவிடாமல் இறங்குகலத்தின் பேச்சுக்காக வைத்துக்கொண்டார்கள். படங்களை விட்டுவிட்டுச் சில எண்களைத் தேர்ந்தெடுத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. செய்தியாளர்களுக்குப் பிடித்திருக்காது.

இதற்குள் இறங்குகலம் தனியாகக் கிளம்பிவிட்டிருந்தது. 1995 ஜூலை 13 அன்று, வியாழன் இன்னும் எட்டுக் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபோது, தாய்க்கலம் அதைக் குறிபார்த்துச் சுழற்றிவிட்டு விலகியது. கலத்தில் எஞ்சின் இல்லை, திசை திருத்தும் கருவி இல்லை, பூமியிலிருந்து கட்டளை வாங்கும் வழியும் இல்லை. நிமிடத்துக்குப் பத்து முறை சுழன்றபடி, மின்கலங்களைச் சேமிப்பதற்காக ஒரு கடிகாரத்தைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 147 நாள் அது கல்லைப் போல மிதந்து போயிற்று. தாய்க்கலமும் அதே பாதையில் வியாழன்மீது மோதப்போகும் நிலையில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து முதன்மை எஞ்சினை முதல்முறையாக இயக்கித் தன் வழியை அது மாற்றிக்கொண்டது.

டிசம்பர் 7. நுழைவதற்கு ஆறு மணி நேரம் முன்பு கடிகாரம் கலத்தை எழுப்பியது. போகிற வழியிலேயே, வியாழனின் வளையத்துக்கும் வளிமண்டலத்துக்கும் நடுவே அதுவரை தெரியாதிருந்த ஒரு கதிர்வீச்சுப் பட்டையை அது கண்டது. பிறகு ஈர்ப்பு இழுக்க, வேகம் நொடிக்கு 60 கிலோமீட்டரை எட்டியது. இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். நடுக்கோட்டில் அதன் மேகங்கள் நொடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. ஓடும் திசையிலேயே கூடச் சேர்ந்து நுழைந்தால் மோதும் வேகம் அந்த அளவுக்குக் குறையும். அப்படிக் குறைத்தும் நொடிக்கு 47 கி.மீ. மிஞ்சியது. நுழைகிற கோணம் கிடைமட்டத்துக்கு 8 பாகைக்குச் சற்றுக் கூடுதல். ஒன்றரை பாகை தவறினால், ஒன்று காற்றின்மேல் வழுக்கி விண்வெளிக்கே திரும்பும், அல்லது எரிந்துபோகும்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் நடந்ததைக் கலத்தால் சொல்ல முடியவில்லை. பிறகு எண்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். முன்னால் அழுந்திய வாயு 15,000 டிகிரிக்கு மேல் கொதித்தது. சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். வேகம் குறைந்த உக்கிரத்தில் கலத்தின் எடை 228 மடங்கு ஆயிற்று. இதைத் தாங்குவதற்காகவே 152 கிலோ கார்பன் பீனாலிக் கவசத்தை முன்பக்கம் வைத்திருந்தார்கள். அதாவது கலத்தின் மொத்த எடையில் பாதியளவு வெறுமனே எரிந்து தேய்வதற்கென்றே போனது. அதில் 80 கிலோ ஆவியாயிற்று. மூக்குப் பகுதியில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும் தோள்பட்டைப் பகுதியில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவும் தேய்ந்தது. தோளில் கடைசியில் மிஞ்சியது சுமார் ஒரு சென்டிமீட்டர் கனம். கணக்கு இன்னும் கொஞ்சம் பிசகியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

வேகம் குறைந்ததும் பாராசூட் விரியவேண்டும். அது 53 விநாடி தாமதமாக விரிந்தது. வேகக் குறைவை உணரும் இரண்டு சுவிட்சுகளின் கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருந்தார்கள் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அந்த 53 விநாடியில் கலம் கீழே போய்விட்டதால், 0.1 பார் அழுத்தத்தில் தொடங்கவேண்டிய அளவீடு 0.35 பாரில்தான் தொடங்கியது. ஒரு பார் என்பது ஏறத்தாழ நம் கடல்மட்டக் காற்றழுத்தம். தரையில்லாத கோளில் உயரம் எங்கிருந்து அளப்பது என்ற சிக்கலுக்கு, ஒரு பார் இருக்கும் மட்டத்தையே பூஜ்யமாக வைத்துக்கொள்கிறார்கள். வியாழனில் அந்த மட்டத்தில் மைனஸ் 107 டிகிரி.

கவசம் கழன்று விழ, பாராசூட்டில் தொங்கிய கலம் வாய் திறந்தது. தலைக்கு மேலே இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் கி.மீ. தொலைவில் கடந்துகொண்டிருந்த தாய்க்கலத்துக்கு, இரண்டு தனித்தனி ஒலிபரப்பிகளில் நொடிக்கு 128 பிட் வீதம் சொல்லத் தொடங்கியது. மொத்தம் ஏறத்தாழ 58 நிமிடப் பேச்சு. கணக்குப் போட்டால் ஒரு ஒலிபரப்பிக்குச் சுமார் 55 கிலோபைட். கீழே போகப் போக வெப்பம் ஏறியது. 7 பார் அழுத்தத்தில் வெப்பநிலை நம் வீட்டு அறையினுடையதைப் போல இருந்திருக்கும். காற்றும் வேகமெடுத்தது. மேக மட்டத்தில் நொடிக்கு நூறு மீட்டருக்குள் இருந்த காற்று, 4 பார் ஆழத்துக்குள் 170 மீட்டரைத் தாண்டி, பிறகு ஓயவே இல்லை. இது சாதாரணச் செய்தியல்ல. சூரிய வெப்பம் மட்டுமே காற்றை ஓட்டுவதாக இருந்தால், வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அது தளரவேண்டும். தளராததால், வியாழனின் புயல்களை ஓட்டுவதில் கோளின் உள்ளே தேங்கியிருக்கும் பிறவிச் சூட்டுக்குப் பெரும் பங்கு என்ற கருத்து வலுப்பெற்றது.

கலத்துக்கும் சூடு தாங்கவில்லை. அதன் உட்புறம் காற்றுப் புகாத பெட்டியல்ல. வியாழனின் வாயு உள்ளே வந்து போகலாம். திட்டமிட்டதைவிடக் கருவிகள் முதலில் அதிகம் குளிர்ந்து, பிறகு அதிகம் சூடேறின. இதனால் எண்களைத் திருத்தி எடுக்க விஞ்ஞானிகளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. 22 பார் அழுத்தம், 150 டிகிரிக்கு மேல் வெப்பம், முதல் அளவீட்டிலிருந்து 156 கி.மீ. கீழே. அங்கே குரல் அறுந்தது. வியாழனின் ஆரம் 71,000 கிலோமீட்டருக்கு மேல். நம் கலம் போனது அதில் ஆயிரத்தில் இரண்டு பங்கு.

அதன்பின் நடந்தவை வெறும் கணக்கு. நுழைந்து ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் பாராசூட் துணி உருகியிருக்கும். அடுத்த நாற்பது நிமிடத்தில் அலுமினியப் பாகங்கள். டைட்டானியக் கூடு இன்னும் ஆறரை மணி நேரம் ஹைட்ரஜனுக்குள் மூழ்கிக்கொண்டே போய், பிறகு அதுவும் கரைந்து ஆவியாகி வியாழனின் காற்றோடு கலந்திருக்கும். வியாழனின் கலவையை அளக்கப் போன கலம் தன் பங்குக்கு அதில் கொஞ்சம் டைட்டானியத்தைச் சேர்த்துவிட்டது.

பூமியில் இருந்தவர்களுக்கு அன்று மாலை கிடைத்தது 'குரல் கேட்டது' என்ற தகவல் மட்டுமே. நாடாவிலிருந்தும் மின்நினைவகத்திலிருந்தும் எண்கள் சொட்டுச் சொட்டாக வந்தன. இடையே வியாழன் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டதால் கொஞ்ச நாள் அதுவும் நின்றது. 1996 ஜனவரி 22 அன்று முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோரும் விழித்தார்கள்.

எதிர்பார்த்தது மூன்றடுக்கு மேகம். அரை பார் அருகில் அம்மோனியாப் பனி. அதற்குக் கீழே அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்த மேகம். 5 பார் சுமாருக்குத் திரண்ட தண்ணீர் மேகம், அதில் பூமியின் இடிமழையை மிஞ்சும் மழை. கண்டது: ஒன்றரை பார் அருகே ஒரு மெல்லிய மேகப்படலம், அவ்வளவுதான். தண்ணீர் மேகமே இல்லை. பக்கத்தில் மின்னலும் இல்லை; வெகுதூரத்து மின்னல்களின் ரேடியோ இரைச்சல் மட்டும் கேட்டது. சூரியனில் இருக்கும் விகிதத்தில் ஆக்சிஜன் இருந்தால் எவ்வளவு தண்ணீர் இருக்கவேண்டுமோ அதில் பாதிகூட இல்லை. பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து, இத்தனை ஆயிரம் பேர் உழைத்து, தேடிப்போன தண்ணீர் அங்கே இல்லை என்றால் என்ன செய்வது?

விழுந்த இடத்தைப் பார்த்தபின் விஷயம் விளங்கத் தொடங்கியது. கலம் விழுந்த அதே காலத்தில் ஹவாயில் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுக்கோட்டுக்கு வடக்கே 6.5 பாகையில், மேகம் விலகி உள்வெப்பம் பிரகாசமாக வெளியே தெரியும் திட்டுகள் சில உண்டு, வெப்பத்திட்டுகள் என்பார்கள். வியாழனின் பரப்பில் அவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நம் கலம் சரியாக அப்படி ஒன்றின் ஓரத்தில் விழுந்திருந்தது. வேறெங்கோ மேலெழுந்து, தன் ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்ட காற்று கீழே இறங்கும் இடம் அது. ஒரு வகையில் வியாழனின் பாலைவனம். கலத்தின் நிறை நிறமாலைமானி இதற்குச் சாட்சி சொன்னது. ஆழம் போகப் போக முதலில் அம்மோனியா ஏறி நிலைத்தது. அதற்கும் கீழே ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏறி நிலைத்தது. தண்ணீர் மட்டும் குரல் அறுகிற வரைக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் உயிர் இருந்திருந்தால் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வழக்கு. பானைக்குள் தண்ணீர் சமமாகக் கொதிப்பதால்தான் அது செல்லும். வியாழனில் தண்ணீருக்கு அது செல்லாது. ஒரு பருக்கையில் பதம் பார்த்தவர் ஏமாறுவார். ஆனால் சில பொருள்களுக்குச் செல்லும். மேகமாகத் திரளாத, மழையாகப் பெய்யாத, எதனோடும் சேராத பொருளாக இருந்தால், அது பாலைவனத்திலும் மழைக்காட்டிலும் ஒரே அளவில்தான் இருக்கும். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகிய மந்த வாயுக்கள் அந்த ரகம். தண்ணீருக்குக் காத்திருந்த அளவுக்கு யாரும் காத்திராத இந்த ஐந்தும்தான் கலத்தின் உண்மையான அறுவடை ஆயின. தண்ணீரைப் பற்றியே பேசி இந்தப் பயணத்தைப் பாதித் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஹீலியத்துக்கென்றே ஒரு சிறு கருவியை ஜெர்மனியில் உல்ஃப் ஃபான் சான் குழு செய்து கொடுத்திருந்தது. ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அளவு தெரிந்த வாயு வழியாகவும் மற்றதை வியாழனின் வாயு வழியாகவும் அனுப்புவார்கள். ஹைட்ரஜனும் ஹீலியமும் ஒளியைத் தாமதப்படுத்தும் அளவு வேறு வேறு. இரண்டு கதிரும் மறுபடி சேரும்போது விழும் இருள்-ஒளிப் பட்டைகள் எவ்வளவு நகர்ந்தன என்று எண்ணினால் ஹீலியத்தின் பங்கு தெரிந்துவிடும். முதல் அறிவிப்பில் சொன்ன அளவைச் சில வாரங்களில் திருத்தவேண்டி வந்தாலும், இறுதி எண் உறுதியானது: எடையில் 23.4 சதவீதம். வாயேஜர் கணக்கு தவறு. ஆனால் சூரியன் பிறந்தபோது இருந்த 27 சதவீதச் சொச்சத்தைவிடவும் இது குறைவு. காணாமல்போன ஹீலியம் எங்கே?

நியான் துப்புக் கொடுத்தது. சூரியனின் விகிதத்தில் அது பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. நியானுக்கு வேதியியல் ஆசை எதுவும் கிடையாது, அது யாரோடும் ஓடிப்போகாது. வியாழனின் ஆழத்தில், பத்து லட்சம் பாருக்கு மேலான அழுத்தத்தில், ஹைட்ரஜன் உலோகம்போல மின்சாரம் கடத்தும் திரவமாகிறது. அந்தத் திரவத்தில் ஹீலியம் கரைய மறுத்துத் துளித்துளியாகப் பிரிந்து மழையாக இறங்கும் என்று ஸ்டீவன்சன், சால்பீட்டர் இருவரும் 1977-இலேயே எழுதியிருந்தார்கள். நியான் அந்த ஹீலியத் துளிகளில் விரும்பிக் கரையும். 2010-இல் பெர்க்லியில் வில்சனும் மிலிட்சரும் செய்த குவாண்டம் கணக்குகள் இதை உறுதிப்படுத்தின. ஆக மேலே நியான் குறைந்திருப்பது, பல்லாயிரம் கி.மீ. கீழே ஹீலிய மழை பெய்துகொண்டிருப்பதற்குச் சாட்சி. 156 கி.மீ. மட்டுமே போன கலம், தான் ஒருபோதும் எட்ட முடியாத ஆழத்தைப் பற்றிச் சொன்ன செய்தி இது. இந்தக் கதையில் எனக்கு வியப்புத் தீராத இடமும் இதுதான்.

ஆர்கான், கிரிப்டான், செனான் மூன்றும் எதிர்த்திசையில் குழப்பின. சூரியனின் விகிதத்தைப் போல அவை இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்தன. கார்பனும் நைட்ரஜனும் கந்தகமும் ஏறக்குறைய அதே மடங்கு. கார்பன் கூடுதலாக இருப்பது புரிகிறது, பனிக்கட்டிகளோடு வந்திருக்கும். ஆர்கானைப் பனிக்குள் சிறைப்பிடிக்க வேண்டுமானால் மைனஸ் 240 டிகிரிக்கும் கீழான குளிர் வேண்டும். வியாழன் இப்போது இருக்கும் இடத்தில் அந்தப் பழைய வாயுமேகம் அவ்வளவு குளிராக இருந்திருக்க முடியாது. டோபியாஸ் ஓவனும் சகாக்களும் 1999-இல் இந்தப் புதிரை உலகுக்கு முன் வைத்தார்கள். வியாழனைக் கட்டிய பனி வெகு தொலைவிலிருந்து வந்ததா, வியாழனே வெகு தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்து வந்ததா, அல்லது வாயுமேகத்திலிருந்து ஹைட்ரஜனும் ஹீலியமும் முன்பே கசிந்துபோனதால் மற்றவை கூடியதுபோலத் தெரிகிறதா? மூன்று பக்கமும் வழக்காட ஆள் இருக்கிறார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. இத்தனை வாதமும் 55 கிலோபைட்டில் வந்த சில எண்களை வைத்துத்தான்.

தண்ணீர்க் கணக்கைத் தொடர ஜூனோ கலம் 2016 ஜூலையில் வியாழனை அடைந்தது. அது உள்ளே போகவில்லை; மேலிருந்தே ஆழத்தின் நுண்ணலைகளைக் கேட்கிறது. நடுக்கோட்டுப் பகுதியில் தண்ணீர் சூரிய விகிதத்தைப் போல 2.7 மடங்கு என்று 2020-இல் அந்தக் குழு எழுதியது. பிழை வரம்பு பெரிது என்றாலும், கலிலியோவின் இறங்குகலம் வறண்ட இடத்தில்தான் விழுந்தது என்பது நிச்சயமாயிற்று. கூடவே ஒரு புதுச் சிக்கலையும் ஜூனோ கொண்டுவந்தது. அம்மோனியா, வெப்பத்திட்டுகளில் மட்டுமல்ல, நடுக்கோட்டுக்கு வெளியே கோளின் பெரும்பகுதியிலும் ஆழம்வரை குறைவாகவே இருக்கிறது. மேகங்களுக்குக் கீழே எல்லாம் நன்றாகக் கலந்திருக்கும் என்று பாடப்புத்தகங்கள் எழுதியது அம்மோனியா விஷயத்தில் பொய்த்தது. மந்த வாயுக்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. 1995-இன் எண்கள் அப்படியே நிற்கின்றன.

தாய்க்கலமும் 2003 செப்டம்பர் 21 அன்று வேண்டுமென்றே வியாழனுக்குள் செலுத்தப்பட்டது. நிலவுகளில் பூமியின் நுண்ணுயிர் ஒட்டிவிடக்கூடாது என்ற எச்சரிக்கையால். சனிக்குள் 2017 செப்டம்பர் 15 அன்று காசினி பாய்ந்து எரிந்தது. ஆனால் அது கவசமோ பாராசூட்டோ இல்லாமல், மேல் விளிம்பில் சில கணங்கள் காற்றை மோந்து பார்த்ததோடு சரி. வியாழனைவிடச் சனியில் ஹீலிய மழை பலமாக இருக்கவேண்டும் என்பது கோட்பாடு. சனியின் ஹீலியம் எவ்வளவு என்பதில் இன்றும் கணக்குக்குக் கணக்கு வேறுபாடு. அதற்குத் தேவை இன்னொரு கவசம், இன்னொரு பாராசூட், ஃபான் சான் செய்ததைப் போன்ற 1.4 கிலோ கருவி ஒன்று. அமெரிக்கக் கோளறிவியலாளர்கள் 2022-இல் வெளியிட்ட பத்தாண்டுப் பரிந்துரையில் யுரேனஸுக்கு ஒரு சுற்றுகலமும் இறங்குகலமும் அனுப்புவதை முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். சனிக்கும் சேர்த்து அனுப்பவேண்டும் என்பது என் கட்சி. நான்கு பெரிய கோள்களில் இதுவரை ஒன்றில், ஒரு முறை, ஒரே ஓட்டையில்தான் இறங்கியிருக்கிறோம்.